துணுக்கு நோட்டைக் கிழிக்கலாமா?

சிறுவனாக இருந்தபோது, நாளிதழில் வரும் கிரிக்கெட் படங்களையும் ஆட்டச் செய்திகளையும் கத்தரித்து ஒரு பழைய நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். சோற்றுப் பருக்கைதான் பசை. வீடு மாற்றியபோது அந்த நோட்டு பழைய தாள்களோடு எடைக்குப் போயிற்று. நான் அழுதேன். "வெறும் காகிதந்தானே!" என்று வீட்டார் சிரித்தனர். அதற்குரிய விடை, அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி அண்மையில் படித்தபோதுதான் எனக்குக் கிடைத்தது.

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அப்படி அவர்களுக்குப் பேஸ்பால். வீரர்களின் படச்சீட்டு, மட்டை, கையெழுத்திட்ட பந்து, இரசிகர்கள் ஒட்டி வைத்த துணுக்கு நோட்டு, எல்லாமே அங்கு ஏலத்துக்கு வருகின்றன. மிக்கி மேன்டில் என்னும் வீரரின் 1952-ஆம் ஆண்டுப் படச்சீட்டு ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பேப் ரூத் 1932-இல் அணிந்து ஆடிய சட்டைக்கு 2024-இல் 2 கோடியே 41 லட்சம் டாலர் கிடைத்தது!

பணம் குவியும் இடத்தில் பொய்யும் குவியும் அன்றோ? 1909-ஆம் ஆண்டையொட்டிச் சிகரெட் பெட்டிகளில் வந்த ஹோனஸ் வேக்னர் சீட்டுகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக, ஏலத்துறைப் பெரும்புள்ளி ஒருவர் 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கள்ளக் கையெழுத்துக் கும்பலொன்றை அமெரிக்கப் புலனாய்வுத் துறை பிடித்தபோது, அன்னை தெரேசா கையெழுத்திட்டதாகக் காட்டும் பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது! இத்தகைய பொய்யைக் கண்டறிய வேதியியலும் உதவுகிறது. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவின. 1910-ஆம் ஆண்டினது என்று சொல்லப்படும் சீட்டு, புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்ந்தால் ஐயப்பட வேண்டியதுதான்.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. துணுக்கு நோட்டை முழுதாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் இலாபம் மிகுதி. ஆகவே படத்தையும் கையெழுத்தையும் பெயர்த்தெடுத்துவிட்டு எஞ்சியதை எறிந்துவிடுகிறார்கள். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் பக்கங்களைக் கிழித்துத் தனித்தனியே விற்றால் அது ஆய்வாகுமா? எந்த நாள், எந்த ஆட்டம், எதற்கடுத்து எது என்ற வரிசையன்றோ அதன் உயிர்!

இது வீண் உணர்ச்சியன்று. நிறவேற்றுமையால் கறுப்பின வீரர்கள் தனிக் கழகங்களில் ஆடிய காலம் ஒன்றிருந்தது. அக்கழகங்களின் முறையான கணக்கேடுகள் பல எஞ்சவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பழைய செய்தித்தாள்களின் ஆட்டப் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டினார்கள். அதன் பயனாக, 2024-இல் அக்கணக்குகள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. டை காபின் 0.367 என்ற மட்டைச் சராசரியைத் தாண்டி, ஜாஷ் கிப்சனின் 0.372 முதலிடம் பெற்றது. ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் நிறத்தடையை உடைத்துக் களமிறங்கியதற்கு மூன்று மாதம் முன்பே, 35 வயதில் இறந்தவர் கிப்சன். அவருக்கு நீதி வழங்கியவை துண்டுச் செய்திகளே!

"விலை இருப்பதால்தானே இவை தப்பின? இல்லையேல் உன் நோட்டைப் போல எடைக்குப் போயிருக்குமே" என்று நண்பரொருவர் மடக்கினார். உண்மைதான். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கத்தி வைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் வரிசை குலையாமல் படமெடுத்து, ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள் என்றே கேட்கிறேன். கைப்பேசி உள்ள காலத்தில் இது ஒரு மாலைப் பொழுதின் வேலை.

விலை என்பது வாங்குபவன் தருவது. மதிப்பு என்பது அந்தப் பொருள் நமக்குச் சொல்லும் உண்மை. நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். யாரோ ஒட்டி வைத்த நோட்டு அங்கே கிடக்கலாம். எடைக்காரர் வருவதற்குள் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்!