நிரம்பிய தட்டும் காய்ந்த மண்ணும்

எங்கள் அடுக்ககத்தின் பொங்கல் மலரில் மூன்றாம் மாடி நண்பர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஒரு கிலோ உலர்தீனி, இரண்டு கிண்ணம் தண்ணீர், பால்கனிக் கதவில் ஒரு சாண் இடைவெளி. இவ்வளவு இருந்தால் பூனையை ஒரு வாரம் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வரலாமாம். அதற்கென்று ஆள் வைப்பதும் எதிர்வீட்டில் சாவி கொடுப்பதும் பணக்காரப் பாசாங்காம். நாய் ஆளைத் தேடும், பூனை வீட்டைத்தான் தேடும் என்று அவருடைய பாட்டி சொன்னதையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்.

பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டுப் பூனை நெல் குதிருக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே எலி பிடித்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. நண்பரின் பூனையோ அடையாறில் எண்ணூறு சதுர அடிக்குள், பாக்கெட் தீனி தின்று, கரப்பான் பூச்சியைக் கண்டால் சோபாவுக்கு அடியில் ஒளிகிறது. அந்தப் பூனையின் சாமர்த்தியத்தைச் சொல்லி இந்தப் பூனையைப் பூட்டுவது, காவிரியில் எதிர்நீச்சல் போட்ட தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பேரனைக் கிணற்றில் தள்ளுவது மாதிரி.

பூனைக்கு ஆள் ஒரு பொருட்டில்லை என்பதும் பழைய கதை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனை 2019இல் வெளிவந்தது. பழக்கமில்லாத அறையில் பூனைக்குட்டியோடு வளர்ப்பவரை உட்காரவைத்து, இரண்டு நிமிடம் வெளியே அனுப்பி, திரும்ப உள்ளே அனுப்பினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குட்டிகள் ஆளைக் கண்டதும் தெளிந்து, வந்து உரசிவிட்டு, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. கைக்குழந்தைகளிடம் காணப்படும் அளவும் கிட்டத்தட்ட அதுவே. பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால், "இது எனக்குத் தெரியாதா" என்றுதான் கேட்டிருப்பார்.

நண்பர் கணக்கில் எடுக்காத இன்னொன்று, சென்னைக்காரன் எப்போது ஊருக்குப் போகிறான் என்பது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மே மாத விடுமுறைக்கு. மூன்றும் பூனைக்கு ஆகாத காலம். தீபாவளி என்றால் பட்டாசு, கூடவே வடகிழக்குப் பருவமழை. பொங்கலுக்கு முன்னால் போகிப் புகை. மே மாதம் கத்திரி வெயில். 2003 மே மாதக் கடைசியில் இந்த ஊர் 45 டிகிரியைப் பார்த்திருக்கிறது. எல்லா ஜன்னலையும் சாத்திய மொட்டைமாடிக்குக் கீழ் வீட்டில், ஃபேன் ஓடாத மதியம் மூன்று மணிக்கு நண்பர் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கம்பளிச் சட்டையோடு.

"போனால் நான்கு நாளில் வந்துவிடுவோம்" என்கிறார். 2015 டிசம்பர் முதல் தேதி அப்படி நினைத்துக்கொண்டு வெளியூரில் இருந்தவர்கள் எத்தனை பேர்! அடையாறு கரை மீறிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. ரயில்கள் ரத்து. செல்போன் பிணம் மாதிரிக் கிடந்தது. அடுத்த வருடமே வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நண்பர் மெச்சிக்கொள்ளும் தானியங்கித் தீனிப் பெட்டியும், வைஃபையில் ஓடும் கேமராவும் அந்த நாட்களில் பிளாஸ்டிக் டப்பாக்கள். திரும்பி வரும் தேதியை ஐஆர்சிடிசி டிக்கெட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஊர் இது.

அந்த ஒரு சாண் பால்கனி இடைவெளிக்கு வருவோம். பூனைக்கு ஒன்பது உயிர் என்று எழுதியிருக்கிறார். (அதுவே நம் ஊர்ச் சரக்கு இல்லை, வெள்ளைக்காரன் விட்டுப்போனது.) மாடியிலிருந்து விழுந்த பூனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்ததாக நியூயார்க் மருத்துவர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வையும் காட்டுகிறார். ஆய்வு உண்மை, எண்ணும் உண்மை. ஆனால் அந்த 132 பூனைகளும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டவை. விழுந்த இடத்திலேயே செத்ததை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? வந்தவற்றிலும் நெஞ்சில் அடியும் தாடை முறிவுமாக வந்தவை ஏராளம். பால்கனியில் வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை இருக்கிறதே என்பார். எதிர்க் கட்டடத்துப் புறா ஒன்று சன்ஷேடில் வந்து உட்கார்ந்தால் அந்த வலை எத்தனை நொடி தாங்கும் என்று அவர் பூனையே காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் கிடக்கட்டும். கட்டுரை முழுவதும் தட்டு நிரம்பியிருக்கிறதா என்பதைப் பற்றியே பேசுகிறது. கவலைப்பட வேண்டியது தட்டு குறைகிறதா என்று. பூனை பிடிவாதமாகச் சில நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரலே படுத்துவிடும். நிரம்பிய தட்டு அங்கே ஆறுதல் தரும் காட்சி இல்லை, ஆபத்தின் அறிகுறி.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மணி. கட்டும் வேலை மிச்சம். இரண்டு வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் காலையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் முகூர்த்த நேரத்தில் போன் வந்தது. "சார், லிட்டர் தட்டுல மண்ணு அப்டியே காஞ்சி கெடக்கு. ஒரு கட்டி கூட இல்ல. தீனியும் தொடல. போய்ப் போய் அதுல உக்காருது, ஒண்ணும் வரல." அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் பட்டம் வாங்கியவர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலானது. பொடிக் கற்களும் கோழையும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வீட்டுக்குள்ளேயே கிடந்து உலர்தீனியே தின்று கொழுத்த ஆண் பூனைக்கு அந்த ஆபத்து கூடுதல். வீட்டில் ஆள் மாறுகிற மனக்கலக்கமும் அதைத் தூண்டிவிடும்.

அக்கா துணிக்கூடையில் மணியை வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். பிழைத்தது. அன்றைக்கு வீட்டில் கேமரா மட்டும் இருந்திருந்தால் நான் தஞ்சாவூரில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்து, "பாருங்கள், எவ்வளவு சமத்தாகத் தட்டில் போய் உட்கார்கிறது" என்று பக்கத்து இலைக்காரரிடம் காட்டியிருப்பேன்.

நண்பரோடு ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. பூனையைக் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளை அவர் திட்டியிருக்கிறார். சரிதான். பக்கத்துக் கூண்டில் நாய் குரைக்க, பழகாத வாசனைக்கு நடுவே பத்து நாள் இருப்பதைவிடப் பூனைக்குத் தன் வீட்டு மூலை மேல். ஆனால் வீட்டிலேயே விடு என்பதும் வீட்டில் தனியே விடு என்பதும் ஒன்றா? நாளுக்கு ஒரு தடவை ஒரு ஜோடிக் கண் வந்து போனால் போதும் என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

அதற்குச் செலவு என்கிறார். அக்காவுக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் தருகிறேன். ஊருக்குக் கொண்டுபோக ரங்கநாதன் தெருவில் நண்பர் குடும்பம் அள்ளும் துணிப்பைகளைத் தூக்கிவர ஆகும் ஆட்டோச் செலவில் இரண்டு நாள் ஓடிவிடும். சட்டம் அவர் பக்கம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மயிலாப்பூரில் உட்கார்ந்து ஒரு வடையும் காபியும் சாப்பிட அந்தக் காசு போதாது. தைரியமாகப் பூட்டலாம்.

மே மாதம் நண்பர் பத்து நாள் திருச்செந்தூர்ப் பக்கம் போகிறாராம், லிஃப்டில் சொன்னார். சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகட்டும். காசு ஒன்றும் வேண்டாம். லிட்டர் மண் மட்டும் புதுப் பை ஒன்று வாங்கி வைத்தால் போதும். போன தடவை இருந்தது அடிப்பையோடு தீர்ந்துபோயிருந்தது.