கூலி என்பது ஆளின் பெயரல்ல!

ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! 'கூலி' என்றொரு சொல் அதிலே இருக்கும். நம் சொல் கடல் கடந்து கொடி நாட்டிவிட்டதே என்று பூரித்துவிட வேண்டாம். அங்கே அது என்ன கோலத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள்!

தமிழிலே கூலி என்றால், உழைத்தவனுக்குச் சேரவேண்டிய ஊதியம். வள்ளுவர் 619ஆம் குறளிலே கூலி என்றது, உழைப்புக்குக் கிடைக்கும் பலனைத்தான். திருக்கடையூர் வயலிலே நாற்று நடும் தாய்மார்கள் 'கூலி எவ்வளவு?' என்று கேட்பதும் அந்தப் பொருளிலேதான். ஆங்கிலத்திலோ, அது மூட்டை சுமக்கும் மனிதனுக்கே பெயர்!

குசராத்துப் பக்கத்துக் 'கோலி' இனத்தாரின் பெயரே இப்படி ஆயிற்று என்பாரும் உண்டு. 1886இல் வெளிவந்த யூல்–பர்னல் அகராதி இரண்டையுமே பேசுகிறது. வேர் எதுவாயினும் விளைந்தது ஒன்றே: கொடுக்கவேண்டியதன் பெயரை ஆளுக்குச் சூட்டினான் வெள்ளையன், கொடுக்கவேண்டியதைக் குறைத்துக்கொண்டான்!

1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சென்றனர் நம்மவர். அந்தத் தென்னாப்பிரிக்காவிலே கூலி என்பது வசைமொழியாயிற்று. வழக்காடச் சென்ற காந்தியாருக்கும் 'கூலி பாரிஸ்டர்' என்றே பட்டம்!

வெள்ளையன் போனான், சொல் போயிற்றா? ரயிலடியிலே 'ஏ, கூலி!' என்று கைதட்டி அழைத்தவர்கள் நாம்தானே? 2016இல் ரயில்வே நிதிநிலை அறிக்கையிலே, இனி அவர்கள் 'சகாயக்' என்றார்கள். பெயர் மாறிற்று, அதுவும் இந்தியிலே! சுமைக்கு இவ்வளவு என்ற பிழைப்பு மாறிற்றா?

பெயரை மட்டும் மாற்றினால் பசி மாறாது. கீழத் தஞ்சையிலே கூலி உயர்வு கேட்டுக் கிளர்ச்சி நடந்த நாட்களில், 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. கூலி என்ற சொல்லுக்கு இந்த மண் கொடுத்த விலை அது!

அறுபது நிறைந்தால் மணிவிழாக் காணத் திருக்கடையூருக்கு வருகிறார்கள், வசதி படைத்தோர். வாழட்டும்! ஆனால் அறுபது நிறைந்த பின்னும் அன்றாடக் கூலிக்குச் சேற்றில் இறங்கும் உழவனுக்கு விழா எடுப்பது யார்?

எனவே தோழர்களே, ஆளைக் கூலி என்று அழைப்பதை விடுவோம். அவர் தொழிலாளி! கூலி என்ற சொல்லையோ விடவேண்டாம். வரப்பிலே, களத்திலே, பேச்சுவார்த்தை மேசையிலே உரக்கச் சொல்வோம். அது நம்மை இழித்துரைக்கும் பெயரல்ல. நமக்கு வரவேண்டிய பாக்கி!