கலாத்தியா கரையை விட்டுக்கொடுக்காதீர்கள்!



பசிபிக் கடலில், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட குவாம் தீவில் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டங்கூட்டமாகப் பாடித் திரிந்தன. அத்தீவின் சமோரோ மக்கள் நொசா என்று அழைத்த குருவி அது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி, ராணுவச் சரக்கோடு ஒளிந்து வந்து இறங்கியது பழுப்பு மரப்பாம்பு. இரவில் கிளை கிளையாக ஏறி வேட்டையாடும் பாம்பை அந்தத் தீவுப் பறவைகள் அறிந்ததே இல்லை. காடுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நொசாவைக் கடைசியாகக் கண்டது 1983இல். அழியும் நிலையில் உள்ள உயிரினமென்று அமெரிக்க அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது 1984இல்! 2023இல், அழிந்தே போனதென்று சொல்லிப் பெயரை நீக்கிவிட்டார்கள்.

நம் நாட்டின் பெரிய நிக்கோபார் தீவில் இன்றும் உயிரோடிருக்கிறது தென்னை நண்டு. நான்கு கிலோ வரை வளரும், இடுக்கியால் தேங்காயையே உடைக்கும். கைக்குள் அடங்கும் குருவியோடு இதற்கு என்ன ஒப்பீடு என்று கேட்பீர்கள். இதன் பிழைப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தாய் நண்டு வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து காட்டிலிருந்து இறங்கி வந்து, அலை தொடும் விளிம்பில் அவற்றை விடுகிறது. குஞ்சுகள் சில வாரம் கடலில் மிதந்து, காலிச் சங்கொன்றை முதுகில் மாட்டிக்கொண்டு கரையேறுகின்றன. வளர்ந்த நண்டைக் கடலில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். அதற்குக் கடல், கரை, காடு மூன்றும் வேண்டும். குருவி இழந்ததோ காட்டின் பாதுகாப்பு ஒன்றைத்தான். அதற்கே வம்சம் அற்றுப்போனது.

பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில்தான் சரக்குத் துறைமுகம் கட்டப் போகிறார்கள். 2021 ஜனவரியில் அங்கிருந்த சரணாலயத்தின் அறிவிக்கையை ரத்து செய்தார்கள். 2022இல் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முதற்கட்ட ஒப்புதலும் தந்துவிட்டார்கள். கரை போகும், காடு போகும், சரக்கோடு எலியும் எறும்பும் பாம்பும் வந்திறங்கும் ஆபத்தும் சேரும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த நண்டின் பெயர் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நொசாவின் பெயரும் பட்டியலில் இருந்ததுதான்.

தீவின் பழங்குடி மன்றம் 2022 நவம்பரிலேயே இதற்குத் தந்திருந்த இசைவைத் திரும்பப் பெற்றுவிட்டது. அவர்களைத் தனியே விடலாமா? ஊருக்கு ஊர் கூட்டம் போடுங்கள். மீனவர் சங்கங்களை, மாணவர்களை அழைத்து வாருங்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரிலேயே போய் நில்லுங்கள்: கலாத்தியா கரையில் கல் விழக் கூடாது என்று அவர் அவையில் எழுந்து பேச வேண்டும், அடுத்த கூட்டத்தொடரிலேயே!