நொதி எங்கே இருக்கிறது?

மாணவ நண்பர்களே, உங்கள் உயிரியல் நோட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் ஓர் அட்டவணை இருக்கும். விந்தகம் என்றால் டெஸ்டோஸ்டிரோன், அது ஆண் ஹார்மோன். அண்டகம் என்றால் ஈஸ்ட்ரோஜன், அது பெண் ஹார்மோன். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி. அட்டவணை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு பத்தி குறைகிறது என்பதே என் வாதம். என்ன சுரக்கிறது என்று கேட்கிறோம். அதைச் செய்யும் நொதி எந்தச் செல்லில், அந்தச் செல்லின் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

கேட்காவிட்டால் என்ன நஷ்டம்? ஒரு குதிரையைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

நாஜி ஆட்சியினால் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற மருத்துவ அறிஞர். 1934-இல் அவர் ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார். ஆண்குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருக்கிறது! சினைப்படாத பெண்குதிரையினிடம் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். ஆயினும் அக்குதிரை பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு ஆண்குதிரையாகவே திரிகிறது. நம் அட்டவணை இங்கே வாயடைத்து நிற்கிறது.

ஈஸ்ட்ரோஜன் தனியாக முளைப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை மாற்றியமைத்துத்தான் உடல் அதைச் செய்துகொள்கிறது. அந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதிக்கு அரோமட்டேஸ் என்று பெயர். குதிரையின் விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கும் லேடிக் செல்களிலேயே அரோமட்டேஸும் நிறைய இருக்கிறது. புதிர் அவிழ்ந்துவிட்டதல்லவா?

இனி, அந்தச் செல்லுக்குள் நுழைவோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே பல பொருள்கள் ஒரே கூரையின்கீழ் முழுமை பெறுவதில்லை. ஒரு பட்டறையில் வார்ப்பார்கள். லேத் பட்டறையில் கடைவார்கள். முலாம் பூச வேறோர் இடத்துக்கு அனுப்புவார்கள். ஹார்மோனும் அப்படித்தான். மூலப்பொருள் கொலஸ்டிரால். அது முதலில் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வை அடைய வேண்டும். அதன் பக்கச் சங்கிலியை நறுக்கும் நொதி அங்கேதான் பதிந்திருக்கிறது. ஆனால் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போவது எளிதல்ல. அதற்கென்று ஒரு புரதம் வாயிற்காவலன்போல் நின்று கொலஸ்டிராலை அனுமதிக்கிறது. தொழிற்சாலையின் வேகமே இந்த வாசலில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. நறுக்கப்பட்ட பொருள் வெளியேறி, வழவழப்பான எண்டோபிளாச வலையைச் சேர்கிறது. மீதி வேலைகளில் பெரும்பாலானவை, அரோமட்டேஸின் வேலை உட்பட, அந்த வலையின் சவ்வில் நடக்கின்றன. மைட்டோகாண்டிரியா என்றால் 'ஆற்றல் மையம்' என்று எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். பாவம், அதன் இந்த வேலையை யாரும் கண்டுகொள்வதில்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டறிந்தார்கள்? குறிப்பிட்ட ஒரு நொதியை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் தயாரித்து, மெல்லிய திசுச் சீவலின்மேல் விடுகிறார்கள். நிறம் தரும் ஒரு வினையையும் அதனோடு சேர்த்தால், நொதி உள்ள இடம் மட்டும் நுண்ணோக்கியில் பழுப்பாகத் தெரியும்.

சினைக்குதிரையின் கதை இன்னும் சுவையானது. அதன் நச்சுக்கொடியில் அரோமட்டேஸ் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய படிக்கு வேண்டிய நொதி அங்கே இல்லை. பிறகு மூலப்பொருள் ஏது? வயிற்றிலிருக்கும் குட்டிதான் அனுப்புகிறது! ஏறத்தாழ 11 மாதச் சினைக்காலத்தின் பிற்பாதியில், குட்டி ஆணானாலும் பெண்ணானாலும், அதன் இனப்பெருக்கச் சுரப்பிகள் தாயின் அண்டகத்தைவிடப் பெரிதாகப் பருத்து, அந்த மூலப்பொருளைச் செய்து கொடுக்கின்றன. பிறப்பதற்குள் மீண்டும் சுருங்கிவிடுகின்றன. பாஷன், ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் கருவிலேயே அச்சுரப்பிகளை அகற்றிப் பார்த்து, 1979-இல் முடிவை வெளியிட்டனர். தாயின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மளமளவென்று சரிந்திருந்தது.

சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன்கள்தாம் 1942 முதல் அமெரிக்காவில் 'பிரிமரின்' என்ற பெயரில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மருந்தாக விற்பனையாகின்றன. அதில் பாதி உழைப்பு பிறவாத குட்டியுடையது என்பதை, விழுங்கியவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

"பாடச்சுமை போதாதென்று இது வேறா?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்ற தலைப்புகளை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'நொதி இருக்கும் இடம்' என்று எழுதினால் போதும், சுமை ஏறாது. குதிரையோடு முடிகிற சங்கதியும் அல்ல இது.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் வளர்பவை. மாதவிடாய் நின்றபின் அண்டகம் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் ஓய்வதில்லை. அட்ரினல் சுரப்பி அனுப்பும் ஆண் ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. லெட்ரசோல் என்ற மாத்திரை அந்த நொதியை முடக்குகிறது. அண்டகம் இயங்கும் இளம் பெண்ணுக்கு அதை மட்டும் கொடுத்தாலோ, ஈஸ்ட்ரோஜன் குறைவதைக் கண்ட பிட்யூட்டரி, அண்டகத்தை முன்னிலும் வலுவாகத் தூண்டிவிடும், மருந்து தோற்றுப்போகும். ஆகவே இளம் பெண்களுக்கு லெட்ரசோல் தரும் மருத்துவர், அண்டகத்தை ஓயச் செய்வதற்கும் தனியாகச் சிகிச்சை அளிக்கிறார்.