வீடு தேடி வந்த ஆசிரியை

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்றோர் ஊர் உள்ளது. அங்கே 1962-ஆம் ஆண்டு டேவிட் வைகார்ட் என்னும் கல்வியாளர், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 123 குழந்தைகளுள் 58 பேருக்கே அதில் இடம். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. அத்துடன், வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டிற்கே சென்று, தாயுடனும் குழந்தையுடனும் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பார்.

அறிவுத்திறன் தேர்வில் முதலில் முந்திய அக்குழந்தைகள், சில ஆண்டுகளிலேயே மற்றவர்களோடு சமமாகிவிட்டனர். மூன்று வயதுப் பேரனை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி மகிழும் தாத்தாக்கள் இதைக் கவனிக்கலாம். ஆயினும் நாற்பது வயதில் பார்த்தபோது, அப்பள்ளியில் பயின்றோர் கூடுதலாகச் சம்பாதித்தனர். குற்ற வழக்குகளில் சிக்கியோரும் அவர்களிடையே குறைவு. வீடு தேடிச் சென்ற அந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் இதில் பங்குண்டு என்றே கொள்ளவேண்டும்.

நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடைய உடன் ஆய்வாளரும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிரியாது இல்லறம் நடத்தும் பெற்றோரிடம் வளரும் பேறு அப்பிள்ளைகளுக்கு அதிகமாகக் கிட்டியிருந்தது. அந்தப் பள்ளியில் ஒருநாளும் அடியெடுத்து வைக்காத தலைமுறை அது.