வன்னிக்கு மாகாண சபை எதற்கு என்பவர்களுக்கு

வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான் மாகாணத்தை நடத்துகிறார்கள். 'சபை இல்லாமலே எல்லாம் நடக்கிறதே, அதிலும் ஆளே இல்லாத வன்னிக்கு அது எதற்கு?' என்ற பேச்சு இப்போது படித்தவர்கள் வாயிலும் சர்வசாதாரணமாக வருகிறது. வன்னியில், புளியங்குளத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில், வன்னி ஆளில்லாத காடு என்ற கதை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 38 பேர். இலங்கையிலேயே மிகக் குறைந்த அடர்த்தி அது. எண் சரி. ஆனால் அது எப்படி வந்தது? 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் அவர்களால் திரும்பி வந்து பற்றைக்காட்டை வெட்டி வளவைத் தேட முடிந்தது. 1997இல் ஜயசிக்குறு படை நடவடிக்கையின்போது புளியங்குளம் மாதக்கணக்காகப் போர்முனையாக இருந்தது. 2001இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தலை எண்ணவே முடியவில்லை. 2009இல் இலட்சக்கணக்கானவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு எண்ணிவிட்டு 'இங்கே ஆள் குறைவு' என்று சொல்வது நியாயமா?

அடுத்தது செலவுக் கணக்கு. கொஞ்சப் பேருக்காக ஒரு சபையா என்கிறார்கள். ஆள் ஐதாக இருக்கிற இடத்தில்தான் அரசாங்கம் பக்கத்தில் இருக்கவேண்டும். நெடுங்கேணிப் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணித ஆசிரியர் இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார் என்று வையுங்கள். மாகாணக் கல்வித் திணைக்களம் யாழ்ப்பாணத்தில். தாய்மார் விடியப்புறம் புளியங்குளம் சந்திக்கு வந்து, ஏ9 வீதியில் பஸ் ஏறி, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு எல்லாம் தாண்டிப் போகவேண்டும். அங்கே மேசையில் இருப்பவர் 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவர் வீட்டுப் படலையில் நின்று கேட்கலாம். பதில் சொல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் வாக்கில்லை என்றும் சொல்லலாம். ஆளுநரிடம் அப்படிச் சொல்ல வழியில்லை, அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. கனடாவின் வடகோடியில் நுனாவுட் இருக்கிறது. இன்றும் சுமார் நாற்பதாயிரம் பேரே இருக்கிற அந்தப் பனிக்கரைக்கு 1999இல் தனி ஆட்சிப்பிரதேசமும் சட்டமன்றமும் கிடைத்தன. ஆள் போதாது என்பது அங்கே தடையாகவில்லை.

சபை வந்தாலும் யாழ்ப்பாணம்தானே ஆளும் என்பது மூன்றாவது வாதம். இதை நம்மவர்களே சொல்வதுதான் கவலை. 2013 தேர்தலில் மாவட்டங்களுக்குப் பங்கிட்ட 36 ஆசனங்களில் யாழ்ப்பாணத்துக்கு 16. கிளிநொச்சிக்கு 4, மன்னாருக்கு 5, முல்லைத்தீவுக்கு 5, வவுனியாவுக்கு 6. மாகாண மக்களில் பாதிக்கு மேல் குடாநாட்டில் இருக்க, ஆசனங்களில் பாதிக்கு மேல், 20, வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்தன. நாடாளுமன்றத் தேர்தலிலோ கிளிநொச்சி இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் கிடக்கிறது. வன்னியின் கை ஓங்கியிருந்த ஒரே சபையைத்தான் வேண்டாம் என்கிறோம்.

இருந்த ஐந்து வருடத்தில் சபை என்ன கிழித்தது என்று கேட்பார்கள். காணியில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை, உண்மை. வனத்திணைக்களம், தொல்லியல் திணைக்களம், மகாவலி அதிகாரசபை மூன்றும் கொழும்பின் கையில். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவேயில்லை. ஆனால் தண்ணீரைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் பெய்யும் மழை கனகராயன் ஆறாக இரணைமடுக் குளத்துக்கு ஓடி, மிச்சம் சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. ஆறு முழுவதும் ஒரே மாகாணத்துக்குள் ஓடுவதால் குளமும் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது சிறுபோகம் அழிந்துவிடும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். குடாநாட்டின் தாகமும் பொய்யில்லை. இரண்டு பக்கத்து வழக்கும் சபைக்கு வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் மாற்றுவழி வலுப்பெற்றது. தாளையடியில் அந்த ஆலை 2024இல் திறக்கப்பட்டது. நாளை மழை பொய்த்து இதே வழக்கு மறுபடி எழுந்தால் வாய்க்கால்காரரும் கிணற்றுக்காரரும் எங்கே போய்ப் பேசுவது? ஆளுநர் செயலகத்தில் மனுக் கொடுத்தா?

தேர்தலை மறித்து நிற்பது சனத்தொகையல்ல. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் வந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது; தேர்தல் அங்கேயே நின்றுபோனது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒரு திருத்தச் சட்டம் போதும். வன்னியிலிருந்து போன ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நாங்கள் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.