பேய்ப்படம் எழுதும் வாலிபர்களுக்கு

குறும்படம் எழுதப் புகும் நம் வாலிபர்கள் முதலில் தேடுவது யாது? வெள்ளைப் புடவையும் சலங்கை ஒலியுமே! கதையைப் பிறகுதான் தேடுகின்றனர். இது தலைகீழ் முறை என்போம்.

1957-இல் சிங்கப்பூரில் பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ மக்களைத் திரளாக ஈர்த்தது. அப்பேயைப் பற்றிய மலாய் நம்பிக்கை யாது? பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்ணே அவள் என்பதாம். ஆகவே அவ்வச்சத்தின் வேர் பேயன்று, காப்பாற்றப்படாத தாய். நம் தோட்டங்களில் அத்தகைய தாய்மார் இருந்திலரா?

பத்து நிமிடப் படத்துக்கு ஓர் இரவு, ஒரு லயம், இரண்டு மாந்தர் போதும். இவர்கள் எதற்கு அஞ்சுகின்றனர்? அவ்வச்சத்தை விளைவித்தவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பேனாவை எடுங்கள். விடையற்ற பேய் மூடநம்பிக்கையை வளர்க்கும். விடையுள்ள பேயோ குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும்!